ஜீன் ஜாதகம் பாக்கறவங்களுக்கு

வணக்கம் சார். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ட்ரிபிள் நெகட்டிவ்னு, அதாவது ஹார்மோன் ஏற்பி ரெண்டும் HER2 புரதமும் இல்லாத வகைன்னு, ரிப்போர்ட் வந்திருக்கு. நோய் எதிர்ப்பு ஜீன்கள் சிலதை அளந்தா யார் பிழைப்பாங்கன்னு முன்னாடியே சொல்லிடலாம்னு நெட்ல நிறைய கட்டுரை இருக்கு. அந்த டெஸ்ட் எடுக்கலாமா? அக்காகிட்ட இன்னும் எதுவும் சொல்லலை. (பேர் போட வேண்டாம்.)

தம்பி,

நேத்து ராத்திரியே படிச்சிட்டேன், தூக்கம் போச்சு. ஜாதகப் பைத்தியத்தைப் பத்தி எழுதணும்னு இருந்தேன், நீங்க ஜீன் ஜாதகத்தோட வந்து நிக்கறீங்க.

2011ல பிரசல்ஸ் ஆய்வாளர்கள் ஒரு குறும்பு பண்ணாங்க. மார்பகப் புற்றுநோயோட போக்கை கணிக்கும்னு வெளியான ஜீன் பட்டியல்கள் 47ஐ எடுத்து, கண்ணை மூடிட்டு பொறுக்கின ஜீன்களோட மோத விட்டாங்க, அதுல 28 பட்டியல் குலுக்கல் சீட்டைக்கூட ஜெயிக்கல. இதுல கூத்து என்னன்னா, சாப்பிட்டப்புறம் சிரிச்சா மாறுற ஜீன்கள்னு சம்பந்தமே இல்லாத ஒரு பட்டியல், அதுவும் யார் பிழைப்பாங்கன்னு "கணிச்சிருக்கு"! கட்டி எவ்ளோ மோசம்னு காட்டுறது செல் பெருகுற வேகம், அது ஆயிரக்கணக்கான ஜீன்ல தெரியும், எதை அள்ளினாலும் அது கூடவே வந்துடும், அவ்ளோதான். யாரோ போட்டு வச்ச டேட்டாவை டவுன்லோட் பண்ணி வாராவாரம் ஒரு கட்டுரை எழுதறவங்களுக்கு இதெல்லாம் காதுல விழாது.

கட்டியில 21 ஜீனை அளந்து கீமோ தேவையான்னு பாக்கற டெஸ்ட் வேற. பத்தாயிரம் பெண்களுக்கு மேல சேர்ந்த ஆய்வோட முடிவு 2018ல வந்துச்சு, அவங்கள்ல நிறைய பேருக்கு கீமோவே தேவைப்படலைன்னு தெரிஞ்சது. ஆனா அது ஹார்மோன் ஏற்பி இருக்கற, ஹார்மோன் பாசிட்டிவ் கட்டிக்கு, உங்க அக்காவுக்கு இல்ல, விடுங்க.

அதுக்காக நோய் எதிர்ப்பு சமாச்சாரமே பொய்னு நான் சொல்லலை. பேத்தாலஜிஸ்ட் நண்பர் ஒருதடவை மைக்ராஸ்கோப்ல என்னை குனிஞ்சு பாக்கச் சொன்னார், ரோஸ் கலர்ல கட்டி, அது மேல கடுகு தாளிச்சு கொட்டினாப்ல கரு ஊதாப் புள்ளிங்க. எல்லாம் லிம்போசைட், உடம்போட காவல்காரங்க. ட்ரிபிள் நெகட்டிவ்ல இது நிறைய இருந்தா பொதுவா நல்ல சேதி, இதைப் பாக்க ஜீனெல்லாம் நோண்ட வேண்டாம், சாதா ஸ்லைடே போதும். டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க.

ஆனா அக்காகிட்ட சொல்லலைன்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் எனக்கு கோவம் வந்துச்சு. அவங்க உடம்பு, அவங்க ரிப்போர்ட், நீங்க யாரு ஒளிச்சு வைக்க? எங்க அத்தைகிட்டயும் இப்படித்தான் "சாதா கட்டி"ன்னு நாங்க நாலு பேரும் சத்தியம் பண்ணாத குறையா சொல்லி கூட்டிட்டுப் போனோம். வார்டு வாசல்ல நின்னு போர்டை நிதானமா எழுத்துக்கூட்டி படிச்சாங்க. அப்புறம் என் கையைப் புடிச்சிட்டு, "அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்டா"ன்னாங்க.