மூன்று நாளில் ஏற்பு, 4,500 ரூபாய் கட்டணம்: கட்ட வேண்டாம்

வணக்கம் தங்கச்சி. தாமிரபரணி மீன்களைப் பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஓர் ஆய்விதழில் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு, இன்றிரவுக்குள் 4,500 ரூபாய் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். ஏற்புக் கடிதத்தில் ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒழுங்கான மதிப்பீட்டுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி கேரில் தங்கள் இதழ் இருப்பதாக இப்போதும் சொல்கிறார்களாம். அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஐஎஸ்எஸ்என் என்பதும் ஓர் இதழை அடையாளம் காட்டும் எண்தான், தரச்சான்று அல்ல.

ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் அந்த எண்ணை நீங்களே போட்டுத் தேடுங்கள். அவர்கள் அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள், நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. அப்புறம், ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் மின்னஞ்சல் போடுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, "என் பெயர் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது" என்று பதில் வந்தது.

பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லைதானே? கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே எழுதி அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள்.