நகையை அடகு வைக்கும் முன் சித்தியிடம் பேசுங்கள்

கேள்வி: ஊர் குடியாத்தம், வயது 34. அம்மா 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து இறந்துவிட்டார். அம்மாவின் தங்கைக்கு இப்போது சினைப்பையில் புற்றுநோய். வேலூரில் சிகிச்சை நடக்கிறது. எனக்கும் வருமா என்று பார்க்க ஜீன் டெஸ்டுக்கு ஒரு லேபில் 22,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது எடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் பயம் வீண் பயம் இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த அக்காவுக்கு மார்பகத்திலும் தங்கைக்குச் சினைப்பையிலும் வந்திருக்கிறது என்றால், நானும் பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற இரண்டு ஜீன்களைத்தான் முதலில் நினைப்பேன். அவற்றில் பிழை இருந்தால் இந்த இரண்டு புற்றுநோயும் வரும் ஆபத்து கூடும், அந்தப் பிழை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம். ஆனால் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் சித்தி.

இந்த ஜீன்களில் ஆயிரக்கணக்கான விதத்தில் பிழை வரலாம். குடும்பத்துக்குக் குடும்பம் அது இருக்கும் இடம் வேறு. நோய் வந்தவரிடம் தேடினால்தான் உங்கள் குடும்பத்துப் பிழை எது என்று பிடிபடும். அது தெரியாமல் உங்களுக்கு மட்டும் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், பிழை உங்களுக்கு வரவில்லையா, இல்லை டெஸ்டின் கண்ணில் படவில்லையா என்று என்னாலும் சொல்ல முடியாது. 22,000 போயும் ராத்திரித் தூக்கம் திரும்பாது.

சித்திக்கோ அந்த ரிசல்ட் இப்போதே உதவும். பிழை இருந்தால் ஒலாபரிப் போன்ற மாத்திரை கொடுக்கலாமா என்று அவருடைய டாக்டர் யோசிப்பார். அடுத்த ரிவியூவுக்கு நீங்களும் கூடப் போங்கள். அம்மாவின் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியிலிருந்து யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மரபியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சித்தியின் பிழை தெரிந்துவிட்டால் உங்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் நிறையக் குறையும். அம்மாவுக்கும் அது இருந்திருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு சரிபாதி. அப்போது ‘இல்லை’ என்று வந்தால் நம்பலாம். சித்திக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்களுக்கே நேரடியாகப் பார்ப்பதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

எந்த லேபாக இருந்தாலும் பணம் கட்டும் முன் கேளுங்கள்: இரண்டு ஜீனையும் முழுசாகப் படிக்கிறார்களா, ஜீனில் ஒரு பெரிய துண்டே விடுபட்டிருந்தால் அந்த டெஸ்டில் தெரியுமா, ரிப்போர்ட்டை விளக்க ஆள் உண்டா? எச்சில் துப்பி அனுப்பும் சில கிட்கள் பொறுக்கிய சில இடங்களை மட்டும் பார்ப்பவை. அவை வேண்டாம்.

விளக்க ஆள் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு பெண், ரிப்போர்ட்டில் ‘வி.யு.எஸ்.’ என்ற மூன்றெழுத்தைச் சிவப்பு மையால் திரும்பத் திரும்பச் சுழித்துக் கொண்டுவந்தார். “ரெண்டு மார்பையும் எடுத்துடுங்க டாக்டர்” என்றார். மாற்றம் ஒன்று இருக்கிறது, அது கெட்டதா என்று இன்னும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். காசு வாங்கியவர்கள் அதை அவரிடம் சொல்லவே இல்லை. அந்த மூன்றெழுத்தை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது.

டெஸ்ட் நடக்கிறபோது நடக்கட்டும். அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே மார்பகப் பரிசோதனையை ஆரம்பிப்பது வழக்கம். உங்கள் கணக்கில் அது 32 வயது, இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. மேமோகிராமா, எம்.ஆர்.ஐ.யா என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். இந்த மாதமே போய்விடுங்கள்.