பாதைக் குறிகள் இல்லாத பாலைவனப் பாறை மலையில் வழி தவறாமல் ஏறி இறங்குவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஃபீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில் ஃபிளாட்அயர்ன் என்று ஓர் உச்சி இருக்கிறது. அங்கே ஐந்து தடவை ஏறியிருக்கிறேன். இரண்டாவது தடவை இறங்கும்போது வழி தவறிவிட்டேன். அதனால் அந்த மலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஏறும்போது வழி தவறுவது குறைவு. உச்சி எதிரே தெரியும், எந்தப் பக்கம் கொஞ்சம் விலகினாலும் மேலே போகப் போக எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். இறங்கும்போது நேர்மாறு. ஒவ்வொரு சரிவும் கிளை கிளையாய்ப் பிரியும், எல்லாமே பாதை மாதிரி தெரியும். ஆகவே இறங்கும் வழியை ஏறும்போதே கற்றுக்கொண்டு போக வேண்டும்.

ஃபிளாட்அயர்னுக்கு லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்காவிலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பும் இடம் சுமார் 2,000 அடி உயரம், உச்சி 4,861 அடி. சைஃபன் டிரா என்ற பாதையில் முதல் இரண்டு மைல் பயமில்லை. சவாரோ கள்ளிமரங்களுக்கு நடுவே தெளிவான தடம். அது மழைநீர் வழவழப்பாகத் தேய்த்த ஒரு பெரிய பாறைக் கிண்ணத்தில் முடிகிறது. பேசின் என்பார்கள். பூங்காக்காரர்கள் பராமரிக்கும் பாதை அதோடு சரி. மீதி ஒரு மைல்கூட இருக்காது, ஆனால் அதற்குள் 1,700 அடி ஏறியாக வேண்டும். பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், செங்குத்தான ஓடைப் பள்ளங்கள், பல இடங்களில் கையும் ஊன்றித்தான் ஏற முடியும்.

அங்கே தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறையப் பேர் மிதித்த பாறையின் விளிம்பு லேசாக மழுங்கி, பக்கத்துப் பாறையைவிட நிறம் மாறியிருக்கும். கைபிடித்துப் பிடித்துச் செடிகளின் கிளை பட்டை உரிந்திருக்கும். மண் இறுகியிருக்கும். காலடியில் சரளை நழுவுகிறது, செடி முழுசாக வழியை மறிக்கிறது என்றால் நீங்கள் தடத்தில் இல்லை. காலடிச் சுவடுகளை மட்டும் நம்ப வேண்டாம். வழி தவறியவர்களும் சுவடு விட்டுத்தான் போயிருப்பார்கள். யாரோ அடுக்கி வைத்த கற்குவியலும் அப்படித்தான்.

எனக்கு நடந்தது இதுதான். நானும் என் மனைவியும் நவம்பரில் போயிருந்தோம். உச்சியிலிருந்து பாதித் தூரம் இறங்கியதும் தடம் ஒரு பள்ளத்திலிருந்து இடது பக்கமாகப் பாறை மேலேறி அடுத்த பள்ளத்துக்குப் போக வேண்டும். நான் கவனிக்காமல் நேராக இறங்கிக்கொண்டே போனேன். சுவடுகளும் இருந்தன. இருபது நிமிடத்தில் தண்ணீரில்லாத ஓர் அருவியின் தலைப்பில் நின்றோம். கீழே முப்பது அடிக்குக் குறையாத பாறைச் சுவர். கைபேசியின் ஜிபிஎஸ் எங்களை எதிர்ச்சுவருக்குள் காட்டியது. இருபுறமும் பாறை உயர்ந்த இடத்தில் அது அப்படிப் பிசகும். குனிந்து பார்த்தால் கால் வைக்க இடம் இருப்பது போலவே தோன்றியது. அந்தத் தோற்றம்தான் பலரையும் அடுத்த அடி எடுக்க வைத்து, ஏறவும் இறங்கவும் முடியாத இடத்தில் மாட்டிவிடுகிறது. என் மனைவிதான் ‘உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க’ என்றாள். பிறகு எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த கடைசி இடம் வரை திரும்பி ஏறினோம். ஒரு மணி நேரம் போனது.

அந்த ‘தெரிந்த கடைசி இடம்’ எங்களுக்கு நினைவிருந்ததற்குக் காரணமும் அவள்தான். ஏறும்போது பார்க்கிற பாறைக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டே வந்தாள். ஆட்டுக்கல், சாய்ந்த திண்ணை, பல்லு போன பாட்டி. நான் அதை விளையாட்டாக நினைத்திருந்தேன். ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று இருவருக்கும் பளிச்சென்று தெரிந்தது. இப்போது எந்த மலையானாலும், தடம் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, வந்த பக்கம் பார்த்து, ஒரு பேர் வைத்து, ஒரு படமும் எடுக்கிறேன். படம் பின்னால் பார்த்து எடுத்ததாக இருக்க வேண்டும். இறங்கும்போது கண்ணுக்குத் தெரியப்போவது அந்தக் காட்சிதான்.

அப்புறம், இறங்க முடியுமா என்று தெரியாத பாறையில் ஏறாதீர்கள். உச்சிக்குச் சற்று முன் பத்தடி உயரத்தில் ஒரு சுவர் வரும். ஏறும்போது பிடிமானம் கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போது கால் துழாவ வேண்டும். பாறையைப் பார்த்துத் திரும்பி, கீழே ஒருவர் கால் வைக்க இடம் சொல்ல, மெதுவாக இறங்குங்கள்.

வெயிலைப் பற்றி: கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் ஃபீனிக்ஸ் நகராட்சி, ஊருக்குள்ளேயே இருக்கும் கேமல்பேக் மலைப் பாதைகளையே பகலில் மூடிவிடுகிறது. நான் நவம்பர் முதல் மார்ச் வரைதான் போவேன். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், உப்புக் கடலை. தண்ணீர் பாதியானால் உச்சி நூறடியில் இருந்தாலும் திரும்பிவிடுவேன். மேலே ஊற்று எதையும் நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் கை வைக்காதீர்கள், கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கலாம். ஒரு சீப்பும் வேண்டும். சோய்யா கள்ளியின் முள்ளுருண்டை ஒட்டிக்கொண்டால் விரலால் தொடாமல் சீப்பைக் கொடுத்து நெம்பி எறிய வேண்டும்.

முதல் தடவை பேசின் வரை மட்டும் போய்விட்டு வாருங்கள். அங்கே உட்கார்ந்து மேலே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் அரை மணி நேரம் பார்த்தாலே எந்தப் பள்ளத்தில் தடம் போகிறது என்று பிடிபடும். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காலை ஏழுக்கே கிளம்புங்கள். மலை கிழக்கே இருப்பதால் காலையில் வழியெல்லாம் நிழல்தான். தலையில் மாட்டும் விளக்கு ஒன்றும் பையில் இருக்கட்டும்.