அரசு ஊழியரின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறைத்தாலே தமிழ்நாட்டின் கடன் தீர்ந்துவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், மாதக் கடைசியில் சம்பளம் தவறாமல் வங்கியில் வந்து விழும் தனியார் நிறுவனத்து இளைஞராக இருப்பார் என்று எண்ணுகிறேன். நான் அரசுப் பட்டியல்களை (பில்களை) சரிபார்த்துப் பணம் வழங்கும் ஒரு சார் கருவூலத்தில் கணக்கராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் வாங்குகிறவன் வேறு எப்படி எழுதுவான் என்று கீழே ஒருவர் எழுதப்போவது தெரியும், எழுதட்டும். அரசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாவதில்லை என்று வாதாட நான் வரவில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 இலட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டின் இறுதியில் நிலுவைக் கடன் 9.29 இலட்சம் கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவாயில் ஏறத்தாழ 60 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. இவற்றில் ஐந்தில் ஒரு பங்கு வருவாயைத் தின்னும் வட்டியில் எந்த நிதியமைச்சராலும் கை வைக்க முடியாது. ஓய்வூதியத்தில் ஏற்கெனவே கை வைத்தாயிற்று: 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களைப் ஊழியரும் அரசும் மாதந்தோறும் பணம் போட்டுச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றினார்கள். இருந்தும் அந்தச் செலவு குறையவில்லை, ஏனெனில் அதற்கு முன் சேர்ந்த என்னைப் போன்றவர்கள் இன்னமும் ஆண்டுதோறும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். வரவுப் பக்கத்தில், மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பிரித்துத்தரப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில், ஒன்பதாவதன் காலத்தில் 7.931 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 சதவீதமாகிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின், மாநிலம் தானாக விகிதத்தை மாற்றக்கூடிய பெரிய வரிகள் என்றால் மது, பெட்ரோல், பத்திரப்பதிவு, வாகனம் ஆகியவற்றின் மீதானவைதாம்.

இப்படி இரு பக்கமும் கட்டுண்ட அரசு, பணம் இல்லை என்று எழுத்தில் ஒருபோதும் சொல்லாது. கொடுக்க வேண்டிய தேதியைத் தள்ளிவைக்கும். நான் 2020 மே 31 அன்று 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவன். ஓய்வூதியக் கருத்துரு, அதைச் சரிபார்த்து அனுமதிக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பணிக்கொடையும் ஈட்டிய விடுப்புக்கான பணமும் வரும் என்று நம்பி, ஆவணியில் மகள் திருமணத்துக்கு நாள் குறித்திருந்தோம். மே 7 அன்று ஓய்வு வயதை 59 ஆக உயர்த்தி ஆணை வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதையே 60 ஆக்கினார்கள். கொரோனாவால் வருவாய் நின்றுபோன நேரத்தில் ஓய்வு பெறுவோருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகைகள் இதனால் இரண்டு ஆண்டு தள்ளிப்போயின. அகவிலைப்படியும் 17 சதவீதத்திலேயே நின்று, 2022 ஜனவரியில்தான் 31 சதவீதமாயிற்று. திருமணத்தை ஒத்திவைக்க மாப்பிள்ளை வீட்டார் இசையாததால் மனைவியின் நகைகளை அடகு வைத்தும் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கியும் நடத்தி முடித்து, 2022 மே மாதம் ஓய்வு பெற்ற பிறகே அவற்றை மீட்டேன்.

இரண்டு ஆண்டு கூடுதலாகச் சம்பளம் வாங்கினாயே என்று கேட்பீர்கள். உண்மைதான், வாங்கினேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கு என் நாற்காலி காலியாகாமல் போனதும் உண்மைதான். நான் சொல்ல வருவது, அந்த இரண்டு ஆண்டும் எனக்குத் தர வேண்டிய தொகை மாநிலத்தின் கடன் பட்டியலில் எங்கும் இல்லை என்பதே. அரசின் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் வெளியே போகும் நாளில்தான் செலவு பதிவாகும். கொடுக்காமல் வைத்திருக்கும்வரை செலவும் இல்லை, கடனும் இல்லை.

செலவைக் குறைப்பது என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர், மாணவர் விடுதி ஒன்றுக்குக் காய்கறி கொடுத்துவந்த ஒருவர். ஒரு மார்ச் 31 அன்று இரவு எட்டரை மணிக்கு, அட்டை கிழிந்த நோட்டுடன் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நான்கு மாதத்துக்கான பட்டியல். தொகை இருபதாயிரத்துச் சொச்சம். அந்தக் கணக்குத் தலைப்பில் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டிருந்ததால் சிவப்பு மையில் தடைக்குறிப்பு எழுதி, பட்டியலைத் திருப்பியது நான்தான். விதிப்படி வேறு வழியில்லை. “அரசாங்கம் எனக்குப் பாக்கி என்று சொன்னால் வட்டிக்கடைக்காரர் சிரிக்கிறார் சார்” என்று சொல்லிவிட்டு நோட்டை மடித்துக்கொண்டு போனார். அந்த ஆண்டுக் கணக்கில் அத்தனை ஆயிரம் ரூபாய் செலவு குறைந்தது.

ஜூன் மாதம் புதிய ஒதுக்கீடு வந்ததும் பணத்தைப் பெற்றுக்கொண்டவர், அதன்பின் விடுதிக்குக் காய்கறி தருவதையே நிறுத்திவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர், பணம் எப்போது வரும் என்று முன்கூட்டியே விசாரித்து, கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டித்தான் விலைப்புள்ளி கொடுத்திருந்தார்.