வீடு போன நாள்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்துப் பேசுகிறோம். அடுத்த மாதம் வீடில்லாதவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படம் ஒன்று போடலாம் என்று இருக்கிறோம். பாதிப் பேர் 'நான் கடவுள்' என்கிறார்கள். தெருவோர மனிதர்களை அதைவிட நெருங்கிக் காட்டிய தமிழ்ப் படம் இல்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனாலும் நம் கடைத்தெரு அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரை நடைபாதையில், படுத்திருக்கும் பெரியவர்களை அதில் காண முடியவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எதைப் போடச் சொல்வீர்கள்?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

'நான் கடவுள்' மனிதர்கள் வீடு என்ற ஒன்றை எப்போதோ கடந்துவிட்டவர்கள். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலிலிருந்து பாலா எடுத்துக்கொண்டது ஊனமுற்ற உடல்களை விலை பேசும் சந்தையை. அந்தக் கொடுமையைக் கண்ணை மூடாமல் காட்டியதற்காக 2009இல் வந்த அந்தப் படத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனால் பார்த்துவிட்டு எழுந்து வருகிறவனுக்கு, இது ஏதோ பாதாளத்தில் நடப்பது என்ற ஆறுதலும் கிடைத்துவிடுகிறது. நம் அஞ்சடிப் பெரியவர் பாதாளத்துக்காரர் இல்லை. அவருக்கு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு இருந்தது. அது எந்த வருடம், எந்த மாதம் போனது என்று கேட்டால் சொல்வார்.

எங்கள் தோட்டத்தில் வீடு போகும் சேதி காகிதமாக வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டார்கள், பிறகு நிலம் கைமாறியது, ஒருநாள் லயத்துக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றியதும் அன்றைக்கே அந்த வீட்டுத் தகரத்தைக் கழற்றிவிடுவார்கள். யாரும் திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாதே. பக்கத்து வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் வானம் தெரியும். அப்புறம் தண்ணீரை நிறுத்தினார்கள். அடித்து விரட்ட யாரும் வரவில்லை. தோட்டமே கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தலைக்கு மேலிருந்து கழன்றது.

கடைசி வீட்டுத் தாத்தா முப்பது வருடம் பால் மரம் சீவியவர். சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தது. கையில் இருந்தது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை, அதனால் மலிவு விலை வீட்டுக்கு அவர் மனுவை வாங்க மறுத்தார்கள். மகளின் இரண்டு அறை வீட்டில் ஏழாவது ஆளாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். பல மாதம் கழித்து நம் கடைத்தெரு அஞ்சடியில் அவரைப் பார்த்தேன். விடியுமுன் நாலரைக்கு, தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுகிற நேரத்துக்கு, தானே எழுந்து அட்டைப் பெட்டியை மடித்து வைத்து, கடை வாசலைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். பணம் நீட்டினேன். "நான் சாப்பிட்டாச்சு தாயி" என்றார்.

இத்தாலிய இயக்குநர் டி சிக்காவின் 'உம்பெர்த்தோ டி.' படத்தில் (1952) ஓய்வூதியம் போதாமல் வாடகை பாக்கி வைத்த ஒரு கிழவர், வேறு வழியில்லாமல் முதல்முறையாகப் பிச்சைக்குக் கை நீட்டுவார். யாரோ காசு போட வரும் நொடியில், மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைத் திருப்பிவிடுவார். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு அந்த "தாயி" காதில் விழும்.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்லும் படம் வேறு: பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் பிபிசி தொலைக்காட்சிக்காக எடுத்த 'கேத்தி கம் ஹோம்'. ஒளிபரப்பானது 16 நவம்பர் 1966. ஓர் இளம் தம்பதி நல்ல வாடகை வீட்டில் தொடங்குகிறார்கள். லாரி ஓட்டும் கணவனுக்கு விபத்து, வேலை போகிறது. மாமியார் வீடு, மட்டமான வாடகை வீடு, வண்டி வீடு, கணவனைச் சேர்க்காத விடுதி என்று படிப்படியாக இறங்குகிறார்கள். கடைசியில் ரயில் நிலையத்தில் தாய் கேத்தியிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிப் போகிறார்கள். வில்லன் என்று ஒருவனைக் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஆள் தன் விதிமுறையைப் படித்துக் காட்டுகிறான், அவ்வளவுதான். லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த மேசைகளை நன்றாகத் தெரியும். பிரிட்டனில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த மாதமே வீடில்லாதவர்களுக்காகத் தொடங்கிய 'ஷெல்ட்டர்' அமைப்புக்கு அந்தக் கோபம் பெரிய துணையாயிற்று.

நம் ஊருக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடு வீடும் சேர்ந்து போவதைப் பார்த்துத்தான் தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் சிதறிய பிறகு வளர்ந்த பிள்ளைகளின் கதையை 2015இல் 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படம் சொன்னது, நன்றாகவே சொன்னது. ஆனால் நோட்டீஸ் ஒட்டிய காலையையும் தகரம் கழற்றிய மாலையையும் மட்டுமே வைத்து ஒரு படம் நமக்கு வேண்டும். உங்கள் ஏழெட்டுப் பேரில் யாராவது எடுத்தால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் உட்கார்ந்து சொல்கிறேன்.

பேசும்போது மலேசியாவின் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தை, மலாயில் அக்தா ஓராங் பாப்பாவை, மறக்காதீர்கள். இருக்க இடமும் பிழைக்க வழியும் இல்லாதவரை அதிகாரிகள் அழைத்துப் போகலாம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் மூன்று வருடம் வரை காப்பகத்தில் வைக்கலாம். குற்றம் எதுவும் செய்யாதவருக்கு மூன்று வருடம். இதைச் சொல்லிவிட்டு அப்புறம் கேத்தியின் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று, தம்பி. படத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுங்கள். கடை அடைத்த பிறகுதான் அஞ்சடியில் படுக்க இடம் கிடைக்கும், அதுவரை அந்தப் பெரியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. முன்வரிசையில் நாலைந்து நாற்காலி அவர்களுக்கு வையுங்கள். படம் ஆங்கிலம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.