பல்லடத்துச் செம்மண்ணில் தோட்டக் கைக்கரண்டி வளைந்துவிட்டதா?

அதே தோட்டக் கருவி செட்டை மறுபடி வாங்க வேண்டாமுங்க. பத்துக்குப் பத்தடி கத்தரி, வெண்டைப் பாத்திக்கு ஒரு களைக்கொத்து, சின்ன மண்வெட்டி, பூவாளி போதும்.

கரண்டி கழுத்தில் வளைந்திருக்கிறது என்றால் மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்ததாக இருக்கும். தொட்டி மண்ணுக்குத்தான் அது தாங்கும். காய்ந்து இறுகிய பல்லடத்துச் செம்மண்ணுக்கு ஆகாது. பட்டறையில் அடித்த களைக்கொத்தாகப் பாருங்கள். பிடியைப் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் அங்கேயே ஆப்பு அடித்து வாங்குங்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும்தான், ஆனால் காய்ந்ததும் மறுபடி கழன்றுவிடும்.

கொத்துவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, காலையில் ஒரு பிடி மண்ணை உருட்டுங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுத்தால் அரை நாள் பொறுங்கள்; சேற்று ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்துவிடும்.

அடியில் சுக்கான்கல் (கெட்டியான சுண்ணாம்புக்கல்) தட்டுப்பட்டால் கொத்தால் நெம்பாதீர்கள், பிடி முறியும். அதற்குக் கடப்பாரைதான், ஒருநாள் வேலைக்கு இரவல் வாங்கினால் போதும்.