கவால் சும்மா அலங்காரமா?

கேள்வி: அஜர்பைஜான் பாடகர் அலிம் காசிமோவ் பாடும் வீடியோ பார்த்தேன். கையில் கஞ்சிராவைவிடப் பெரிதாக ஒரு வாத்தியம். பாதி நேரம் அதைத் தட்டுவதே இல்லை. பிறகு எதற்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்? அலங்காரத்துக்கா?

பதில்: அலங்காரமா! அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் யாரிடமும் இப்படிக் கேட்டுவிடாதீர்கள். அது கவால். ‘முகாம்’ என்கிற அவர்களுடைய செவ்வியல் இசையில் மரபுப்படி கச்சேரிக்கு மூன்றே பேர்: ‘தார்’ என்ற தந்தி வாத்தியத்தை மீட்டுபவர், ‘கமாஞ்சா’ என்ற வில் வாத்தியத்தை வாசிப்பவர், பாடகர். தாளத்துக்கென்று தனி ஆள் கிடையாது. பாடுகிறவரேதான் கவாலும் வாசித்தாக வேண்டும். முகாமில் பெரும்பகுதி தாளக்கட்டு இல்லாமல் விரியும். அப்போது கவாலுக்கு வேலையில்லை. சிலர் அதை முகத்தருகே சாய்த்துப் பிடித்துக்கொள்வார்கள், குரல் தோலில் பட்டுத் திரும்பிக் காதில் விழும். ‘தஸ்னிஃப்’ என்ற தாளப் பாட்டு ஆரம்பித்ததும் விரல்கள் இறங்கும். காசிமோவின் உச்சஸ்தாயியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ அந்த முதல் தட்டு விழும் இடம்தான் பிடிக்கும். அத்தனை நேரம் எங்கெங்கோ அலைந்த குரலை ஒரே தட்டில் தாளத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்.

வாழ்க்கையைப் பொறுத்தவரை, அவர் 1957இல் ஷமாகியில் பிறந்தவர். விவசாயக் கூலி வேலை, டிரைவர் வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 19 வயதில்தான் இசையை முறையாகப் படிக்கத் தொடங்கினார். 1999இல் யுனெஸ்கோவின் சர்வதேச இசைப் பரிசு கிடைத்தது. மகள் ஃபர்கானாவும் அவருடன் மேடையேறுகிறார். அவர் கையிலும் கவால் இருக்கும். இருவரும் மாறி மாறிப் பாடும் பதிவு கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த வரிசையில் பழைய பெரியவர் ஒருவரையும் தேடிப் பாருங்கள்: ஷுஷாவில் பிறந்த ஜப்பார் கார்யாக்டியோக்லு (1861–1944). தாரில் குர்பான் பிரிமோவ், கமாஞ்சாவில் சாஷா ஓகனேசாஷ்விலி என அவருடைய மூவர் அணி பெரும் புகழ் பெற்றது. கிராமபோன் தட்டுகளில் அவர் குரல் இருக்கிறது. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கவாலுக்கு என்ன தோல் போடுவார்கள்?

பதில்: மரபாக மீன் தோல். மரச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் அதைக் கட்டி, உள்பக்கம் சின்னச் சின்ன உலோக வளையங்களைக் கோத்துவிடுவார்கள். லேசாக ஆட்டினாலே கலகலவென்று சத்தம் வரும். ஆனால் ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும், சூடு காட்டி இறுக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று இப்போது பிளாஸ்டிக் போடுகிறவர்களும் உண்டு. மழைக்காலத்துக்கு வசதிதான், நாதம் எனக்குக் கொஞ்சம் வறட்சியாகப் படுகிறது.